உழுமுன் எழுதும் கணக்கு

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது கமக்காரரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழியாகும். கமத்தொழிலிலே கணக்குப் பார்ப்பது பயனற்றது என்பதற்கு இதனையே பலர் ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் இப்பழமொழி கூறுவது உழுது முடித்தவன் பார்க்கும் கணக்கைப் பற்றியேயாம். செலவாகிவிட்ட பணத்தைப் போக முடிவிலே கூட்டிப் பார்த்து வருந்துவதால் ஒரு கொத்து நெல்லும் கூடுதலாகக் கிடையாது. உழுமுன் எழுதும் கணக்கோ வேறு வகையினது. வரும் ஆண்டில் எம்மாதத்தில் எவ்வளவு பணம் வரும், எம்மாதத்தில் எவ்வளவு பணம் வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைப்பதே அது. பசளையும் நீரும் பயிருக்கு எவ்வளவு அவசியமோ, இத்திட்டமும் கமக்காரக் குடும்பத்துக்கு அவ்வளவு அவசியமாகும்.

மாதச் சம்பளம் பெறுவோருக்குப் பணம் மாதந்தோறும் வருகின்றது. செலவும் மாதந்தோறும் ஏற்படுகின்றது. நெற்செய்கையாளரின் நிலை அதுவன்று. பெரும்போகமும் சிறுபோகமும் செய்பவருக்கு ஆண்டில் இருமுறையும், மழையை நம்பி ஒரு போகம் மட்டுமே செய்பவருக்கு ஒரேயொரு முறையுமே பெரும்பணம் கைக்கு வருகின்றது. வீட்டுச் செலவோ பன்னிரண்டு மாதமும் உண்டு. அறுவடை முடிந்த மாசி மாதத்தில் கையிலிருக்கும் பணம் பெருந்தொகையாகத் தோன்றுவதற்கும், ஐப்பசியில் விதைக்கும்போது நகையை அடகு வைக்க நேர்வதற்கும் இதுவே காரணமாகும்.

உதாரணமாக, ஒரு போகம் மட்டும் செய்யும் குடும்பமொன்றுக்கு அறுவடையால் 500,000 ரூபா கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். அடுத்த போகச் செலவுக்கு 200,000 ரூபாவை ஒதுக்கினால் எஞ்சுவது 300,000 ரூபா. வீட்டுச் செலவு மாதம் 40,000 ரூபாவாயின், அப்பணம் ஏழரை மாதங்களுக்கே போதும். பங்குனி முதல் எண்ணினால் ஐப்பசி நடுப்பகுதியில் அது முடிந்துவிடும். அடுத்த மாசி முடியும் வரை உள்ள நாலரை மாதங்களுக்கு 180,000 ரூபா குறைவாகும். இக்குறைவைப் பங்குனியிலேயே தாளில் கண்டவர் அதை நிரப்புவதற்கு ஏழு மாதம் அவகாசம் பெறுகின்றார். ஐப்பசியில் காண்பவருக்கோ கடன்காரனின் படலையைத் தவிர வேறு வழி தெரியாது.

அவகாசம் இருந்தால் செய்யத்தக்கவை பல. கிணற்று நீர் வசதியுள்ளவர் வைகாசியில் நாற்றுமேடையிட்டு ஆனியில் கத்தரி நட்டால், ஏறக்குறைய இரண்டு மாதங்களில், அதாவது ஆவணியளவில், காய் பறிக்கத் தொடங்கலாம். நெல் தரும் பணம் ஒருமுறை வருவது. காய்கறி தரும் பணம் வாரந்தோறும் சிறிது சிறிதாக வருவது. இவ்விரண்டையும் ஒன்றையொன்று தாங்குமாறு அமைப்பதே திட்டத்தின் பயனாகும். சந்தையில் நேற்று விலை ஏறியது என்பதற்காக இன்று நடுவதிலும், குடும்பத்துக்குப் பணம் வேண்டிய மாதத்தை அறிந்து அதற்கேற்ப நடுவதே அறிவுடைமை.

பணம் காலத்தில் கைக்கு வாராவிடின் நட்டம் வட்டியோடு நிற்பதில்லை. நெற்பயிருக்கு யூரியா முழுவதையும் ஒரேயடியாக இடுவதில்லை. பயிரின் வளர்ச்சிப் பருவங்களுக்கேற்பப் பகுதி பகுதியாக இடவேண்டும். குறித்த வாரத்தில் பசளை வாங்கப் பணமின்றிப் பிந்தினால் மட்டம் வெடிப்பது குறையும், கதிரும் சிறுக்கும். பின்னர் இருமடங்கு பசளை இட்டாலும் தவறிய பருவம் திரும்பி வாராது.

வட்டியின் பாரத்தையும் நோக்குக. நூற்றுக்கு மாதம் 5 ரூபா வட்டியில் 50,000 ரூபா வாங்கி ஐந்து மாதத்தில் தீர்ப்பவர் வட்டியாக மட்டும் 12,500 ரூபா கொடுக்கின்றார். நெல் கிலோ 100 ரூபா என்று கணக்கிட்டால் இது 125 கிலோ நெல்லாகும். கடன் கொடுத்தவர் களத்திலேயே வந்து நிற்பதால், நெல்லை உலர்த்தவும் அவகாசமின்றி ஈரத்தோடு குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டியும் வருகின்றது. ஈரப்பதன் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்திய நெல்லே சேமித்து வைக்கத்தக்கது. அவ்வாறு வைத்து விலை பார்த்து விற்பது கையில் சிறிது பணம் உள்ளவருக்கே இயலும்.

திட்டம் எழுதப் பெரிய கல்வி வேண்டியதில்லை. சாதாரண கொப்பியொன்றில் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வரவு, வயற் செலவு, வீட்டுச் செலவு, மீதி அல்லது குறைவு என்று நான்கு பத்திகள் கீறினாற் போதும். உழவு, விதைநெல், களைநாசினி, பசளை, அறுவடை இயந்திரக் கூலி, ஏற்றுக்கூலி ஆகியவை வயற் செலவில் அடங்கும். கடைச் சாமான், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், உறவினர் வீட்டு நன்மை தீமை ஆகியவை வீட்டுச் செலவாகும். வீட்டு விதைநெல்லையும் குடும்பத்தினரின் உழைப்பையும் விலைமதித்துத் தனியே குறித்துக்கொள்ளுதல் நன்று. இவ்வாறு செய்யாதவர் தம் உழைப்பையே இலாபமென்று எண்ணி ஏமாறுவர்.

“எல்லாம் மனத்தில் இருக்கின்றது” என்று சிலர் கூறுவர். மனம் பெருஞ்செலவை நினைவில் வைத்துச் சிறுசெலவை மறந்துவிடும். அன்றியும், ஒருவர் மனத்திலுள்ள கணக்கை மற்றவர் பார்க்க இயலாது. வீட்டுச் செலவை நடத்துபவள் பெரும்பாலும் இல்லாளே. அவளை அருகில் இருத்தாது எழுதும் திட்டம் அரைத் திட்டமேயாகும். குடும்பத் தலைவர் நோயுற்றாலும் எங்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எங்கிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதை வீட்டார் அறிந்திருப்பர்.

“மழையும் விலையும் நம் கையில் இல்லாதபோது திட்டம் எதற்கு?” என்ற கேள்வி நியாயமானதே. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போதும் கமக்காரர் பட்ட இன்னல் யாவரும் அறிந்ததே. எழுதிய திட்டம் அத்தகைய இடரைத் தடுக்காது. ஆயினும், எத்தனை ஏக்கர் விதைப்பது, எச்செலவைத் தள்ளிவைப்பது, எதைக் கைவிடலாகாது என்பவற்றை அது காட்டும். ஆகையால் திட்டத்தைப் பென்சிலால் எழுதுவது நன்று, மாதந்தோறும் திருத்தலாம். விளைச்சலைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் மதிப்பிடுதல் பாதுகாப்பானது.

கடன் வாங்குவதே தவறன்று. எப்போகத்து வரவிலிருந்து, எம்மாதத்தில் தீர்ப்பது என்று எழுதிய பின் வாங்கும் கடன் கமத்துக்கு உதவும். எழுதாது வாங்கும் கடன் கமத்தையே விழுங்கும். வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ செல்பவர் தம் கொப்பியைக் கொண்டுசென்றால் வேண்டிய தொகையைத் தெளிவாகக் கூறலாம். வேண்டாத தொகையை மறுக்கவும் துணிவு உண்டாகும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பர். வயலிலே போடும் பணத்தை அளவாது போடுதல் எவ்வாறு தகும்? வரும் போகத்துக்குக் கலப்பை இறங்குமுன், ஒரு மாலைப்பொழுதில் கணவனும் மனைவியும் விளக்கடியில் அமர்ந்து அந்த நான்கு பத்திகளையும் எழுதுவார்களாக. அந்த ஒரு பொழுதின் உழைப்பு, அடகுக்குச் செல்லவிருந்த தாலிக்கொடியை வீட்டிலேயே நிறுத்துமாயின், அதனினும் பெரிய விளைச்சல் வேறில்லை.