கேட்டுவிட்டு வரட்டும்

டெக்சஸ் மாநில ஆளுநர் மாண்புமிகு கிரெக் ஆபட் அவர்களுக்கு,

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தலைவி எழுதுகிறேன். இந்த மாநிலத்தில் வீடு வாங்கி, வரி கட்டி, ஓட்டும் போடுகிறவள். துப்பாக்கியை ஒழியுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. என் வீட்டுக்குள் யார் அதை எடுத்து வரலாம் என்று நான் முடிவு செய்ய வேண்டும். அதற்குச் சட்டம் எனக்குத் துணை நிற்க வேண்டும்.

சொந்த இடத்தில் இருப்பவரை உங்கள் தண்டனைச் சட்டத்தின் 46.02ஆம் பிரிவு தொடுவதில்லை. தன் வீடு, தன் கடை, தன் பொறுப்பில் உள்ள நிலம், அங்கிருந்து நேரே காருக்குப் போகும் வழி, இங்கெல்லாம் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்பதில்லை. அதில் எனக்கு மனக்குறை இல்லை. மேற்கு டெக்சஸ் பண்ணைகளில் பக்கத்து வீடே சில மைல் தள்ளித்தான் இருக்கிறது. ஷெரீஃப் வந்து சேரும்வரை அங்கே இருப்பவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 2021இல் நீங்கள் கையெழுத்திட்ட சட்டம், 21 வயது நிரம்பி, வேறு தடை ஏதும் இல்லாதவர்கள் வெளியிடங்களுக்கும் உரிமமின்றிக் கொண்டுபோக வழி திறந்துவிட்டது. என் கவலை அங்கிருந்து தொடங்குகிறது.

தன் இடத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்புகிறவர் உரிமம் எதுவும் வாங்க வேண்டாம். வேண்டாம் என்கிறவர் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? மறைத்து எடுத்து வரும் உரிமக்காரருக்கு அதே சட்டத்தின் 30.06ஆம் பிரிவுப்படி ஒரு பலகை. வெளியே தெரியும்படி எடுத்து வரும் உரிமக்காரருக்கு 30.07. உரிமமே இல்லாதவருக்கு 30.05. மூன்றுக்கும் வெவ்வேறு வாசகம். அதைச் சட்டத்தில் உள்ளபடியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறத்தில், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுத வேண்டும். துப்பாக்கிப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும். உரிமம் பெற்றவரை அந்தப் படம் கட்டுப்படுத்தாது. மாவிலைத் தோரணம் கட்டிய வாசலில் இந்த மூன்று பலகைகளையும் நிறுத்தினால் நிலைப்படியே தெரியாது.

வாயால் சொன்னாலே போதுமே என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். உண்மைதான். நேரில் சொல்லியும் போகாதவர்மேல் வழக்கு கடுமையாகும். ஓராண்டுவரை சிறைகூடக் கிடைக்கலாம். ஆனால் யாரிடம் சொல்வது? மறைத்து வைத்திருப்பது என் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை எப்படித் தடுப்பேன்?

நவராத்திரியில் எங்கள் வீடுகளில் கொலு வைக்கிறோம். அழைத்தவர்கள் தங்கள் தோழிகளையும் கூட்டி வருவார்கள். அவர்கள் யார், எவர் என்று நாங்கள் விசாரிப்பதில்லை. வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது எங்கள் பண்பும் இல்லை. கைப்பைகளெல்லாம் படுக்கையறைக் கட்டிலில் குவிந்து கிடக்கும். பெரியவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் அந்தக் குவியலில் ஏறி ஜிப்பை இழுத்து விளையாடும். அந்தப் பைகளில் ஒன்றில் குண்டு ஏற்றிய கைத்துப்பாக்கி இருந்தால், அது எனக்குத் தெரிய வழியே இல்லை. அலட்சியமாக விட்ட துப்பாக்கி பிள்ளை கைக்குப் போனால் அது குற்றம் என்று 46.13ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் பெரும்பாலும் அது பேச வருவது விபரீதம் நடந்த பிறகுதான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருக்களில் எச்-1பி விசாவில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அவர்கள் வரவேற்பறைக்குள் விருந்தாளி அதைக் கொண்டுவந்தால், பலகை வைக்காதது அவர்கள் தவறாகிவிடுகிறது.

உங்கள் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரில் லூபிஸ் உணவகத்தில் 23 பேர் கொல்லப்பட்டார்கள். பெற்றோரை அங்கே பறிகொடுத்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரில் விட்டு வந்திருந்தார். அவருடைய வேதனை இந்த மாநிலத்தை உலுக்கியது. 1995இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டு மறைவாக எடுத்துச் செல்லும் உரிமம் வந்தது. 2019 டிசம்பரில் ஒயிட் செட்டில்மென்ட் நகரின் ஒரு தேவாலயத்தில் இருவரைச் சுட்டவனைச் சில நொடிகளில் வீழ்த்தியவர் அந்தச் சபையின் பாதுகாப்புத் தொண்டர். இவற்றை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தொண்டர் அங்கே துப்பாக்கியோடு நின்றது சபைக்குத் தெரியும். இடத்துக்குரியவர்கள் அறிந்து, சம்மதித்து வைத்த காவல் அது. நான் கேட்பதும் அந்தச் சம்மதத்தைத்தான்.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. பக்கத்து லூசியானாவில் உரிமம் பெற்றவரே பிறர் வீட்டுக்குள் மறைவாகக் கொண்டுபோகும் முன் வீட்டாரின் சம்மதம் பெற வேண்டும். தென் கரோலினாவிலும் வெளிப்படையான அனுமதி வேண்டும். உரிமமே கேட்காத அலாஸ்காவிலும் அப்படித்தான். துப்பாக்கி உரிமையில் இவர்கள் யாரும் உங்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். வீட்டுக்காரரைக் கேட்பதால் அங்கே யாருடைய உரிமையும் பறிபோய்விடவில்லை.

சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியில் கூடி 140 நாட்கள்தான் நடக்கும். முதல் 60 நாட்களிலேயே எடுத்துக்கொள்ளும்படி ஒரு பொருளை அவசரப் பொருளாக அறிவிக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தொடரில் அதை இதற்காகப் பயன்படுத்துங்கள். பிறர் குடியிருக்கும் வீட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைகிறவர் முன்கூட்டி வீட்டாரின் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கோயில், தேவாலயம், சிறு கடை நடத்துகிறவர்களுக்கு மூன்று பலகைக்குப் பதில் எல்லோருக்கும் புரியும் ஒரே பலகை போதும் என்று ஆக்குங்கள். அவரவர் வீட்டில் அவரவர் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையில் இவற்றால் ஓர் எழுத்தும் குறையாது.

இப்படிக்கு,
கேட்டியில் வாழும் தமிழ்க் குடிமகள்