எந்த நாட்டுக் காய்?

திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் காய்கறிக்கு இரண்டே சாதிதான். கத்தரி, புடலை, பூசணி, கிழங்கு வகையறா ‘நாட்டுக் காய்’. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் ‘இங்கிலீஷ் காய்’. விலை பேச வசதியான பிரிவு. வியாபாரிகளிடம் எனக்குச் சண்டை இல்லை. இந்தப் பெயரையே பிறப்புச் சான்றிதழாகப் பிடித்துக்கொண்டு, நாட்டுக் காய் முப்பாட்டன் தின்றது, நம் உடம்புக்கு ஒத்தது, மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கேடு என்று வாட்ஸ்அப்பில் ஓதுகிறார்களே, அவர்களிடம்தான் சண்டை.

பூசணியையே எடுங்கள். வெள்ளையாக இருப்பதற்கு நம் பக்கம் தடியங்காய் என்று பேர்; வெறும் பூசணி என்றால் மஞ்சள் பூசணி. வடக்கே போனால் அதுவே பரங்கிக்காய். பரங்கியர் பேரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற அமெரிக்கக் காய்! மிளகாயும் அந்தக் கண்டத்துச் சரக்குதான். 1492-இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கும்வரை தாமிரபரணிக் கரையில் யாரும் வத்தல் கிள்ளித் தாளித்ததில்லை, உறைப்புக்கு மிளகுதான். ஏழிலைக் கிழங்கின் பூர்வீகம் பிரேசில் பக்கம். நாட்டுப் பேர் வைத்ததற்காக அதன் மாவுச்சத்து ஒரு துளி குறைந்துவிடுமா?

பெரிய கூத்து சிறுகிழங்கு. மார்கழிக் கடைசியில் கடையம் பக்கத்திலிருந்து மண்ணோடு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஊறப்போட்டு, சாக்கில் கட்டித் தரையில் புரட்டித் தேய்த்தால் தோல் பாதி கழன்றுவிடும். மீதியைச் சுரண்டி முடிப்பதற்குள் விரலெல்லாம் கறுத்துவிடும். இரண்டு நாளைக்குக் கறை போகாது. பொங்கப்படியில் இது இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். இதைவிடத் திருநெல்வேலிக்கார அயிட்டம் உண்டா? ஆனால் அதன் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. கானாவில் பிராபிரா மக்கள் பேராலும், நைஜீரியாவில் ஹவுசா மக்கள் பேராலும் அதை அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘சீன உருளை’ என்றும் ஒரு பேர். சீனாவுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது என்பது தனிக் கதை.

‘இங்கிலீஷ்’ மட்டும் சரியா? பீன்ஸ் அமெரிக்கச் செடி. கேரட் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்தது. முட்டைக்கோஸ் ஒன்றுதான் ஐரோப்பியக் கரையோரத்தில் முளைத்தது.

திவச இலையைப் பாருங்கள். உருளைக்கிழங்குக்கு அனுமதி இல்லை, அந்நியக் காயாம். சர்க்கரைவள்ளியோ பல வீடுகளில் கூச்சமில்லாமல் இலையேறுகிறது. இரண்டும் அமெரிக்காதான். ஒன்று முந்திக் கப்பலேறியது, இன்னொன்று பிந்தியது. பாட்டிக்கு எட்டிய நினைவுக்கு முன்னால் வந்ததெல்லாம் நாட்டுக் காயாகிவிட்டது. சாஸ்திரம் அவரவர் வீட்டு விஷயம், அதில் நான் தலையிடவில்லை. அதற்குத் தாவரவியல் காரணம் சொல்ல வரும்போதுதான் எரிச்சல் வருகிறது.

இப்போது ‘நாட்டுத் தக்காளி’ என்று எழுதிவைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். பெங்களூர்த் தக்காளியைவிட அதில் புளிப்பு தூக்கல், ரசத்துக்குத் தோது. அதற்காகக் கூடக் கொடுக்கலாம். முப்பாட்டனுக்காக என்றால் கொடுக்காதீர்கள், அவர் காலத்துப் புளிக்குழம்பில் தக்காளியே கிடையாது. எந்த ஊர்ச் சரக்கு, என்றைக்குப் பறித்தது, கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார், அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.