“சமாளிச்சுக்கோம்மா”ன்னு சொல்றதை நிறுத்துங்க! வயித்துப் பிள்ளையோட பாரம் தூக்குறது வீரம் இல்லை, அநியாயம்!

தோழர்களே,

ஒரு செங்கல்லோட எடை சுமார் 3 கிலோ. எட்டுக் கல்லை அடுக்கித் தலையில வெச்சா 24 கிலோ. சும்மாட்டு மேல அந்தப் பாரத்தோட, கைப்பிடி கட்டாத படியில மூணு மாடி ஏறணும். இறங்கி வந்து மறுபடியும் ஏறணும். காலையில ஒன்பது மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. வயித்துல அஞ்சு மாசம். இது நம்ம ஊர்ல ஏதோ ஒரு மூலையில நடக்கிற அதிசயம் கிடையாது. உங்க தெருவுல வீடு கட்டுற இடத்துல இருக்கிற சித்தாள் அக்காவைக் கேட்டுப் பாருங்க.

அந்த அக்காவுக்கு ஊரே சொல்ற ஒரே அறிவுரை: “கொஞ்சம் பார்த்து சமாளிச்சுக்கோம்மா.”

எப்படிச் சமாளிக்கிறது? “முடியலை மேஸ்திரி”ன்னு சொன்னா அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. அதனால மயக்கம் வந்தாலும் மறைக்கணும். வயிறு தெரியாம இருக்க, புடவைக்கு மேல ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கணும். பல பணித்தளங்கள்ல கழிப்பறையே கிடையாது. அதனால தண்ணியே குடிக்காம இருக்கணும். தண்ணி குடிக்காம, சிறுநீரை அடக்கிக்கிட்டே இருந்தா தொற்று வரும். கர்ப்ப காலத்துல அந்தத் தொற்றைக் கவனிக்காம விட்டா குறைமாசப் பிரசவம் வரைக்கும் கொண்டு போகும். இதைத்தான் நாம “சமாளிக்கிறது”ன்னு அழகா பேர் வெச்சுக் கூப்பிடுறோம்.

சித்தாள் மட்டும் இல்லை. ஜவுளிக்கடையில பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே புடவை விரிச்சுக் காட்டுற தங்கச்சி. விடியறதுக்கு முன்னாடியே குப்பை வண்டி தள்ளுற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். முதுகுல கொழுந்துக் கூடையோட தேயிலைச் சரிவுல ஏறுற அக்கா. செங்கல் சூளையில ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கணக்கு. கர்ப்பிணியோட கை கொஞ்சம் மெதுவானா குடும்பத்தோட கூலி குறையும், வாங்கின முன்பணம் கடனா ஏறும்.

உடனே ஒருத்தர் வருவார்: “எங்க அம்மாச்சி நாத்து நட்டுக்கிட்டே வரப்புல புள்ளை பெத்தா. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தெம்பு இல்லை.”

ஐயா, பிழைச்சு வந்த அம்மாச்சியோட கதைதான் உங்க காதுக்கு வந்திருக்கு. வரப்புலயே செத்துப்போன அம்மாச்சிகளோட கதையைச் சொல்லப் பேரன் இல்லை. தெம்பைப் பத்திப் பேசுறதா இருந்தா இதையும் கேளுங்க: தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி இந்தியக் கர்ப்பிணிகள்ல 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலயும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. உடம்புல ரத்தம் இல்லாத பெண்ணோட தலையில 24 கிலோ பாரத்தை ஏத்திட்டுத் தெம்பைப் பத்தி வகுப்பு எடுக்கிறோம்!

இன்னொருத்தர் சொல்வார்: “கர்ப்பம் ஒண்ணும் நோய் இல்லையே!” உண்மைதான். சாதாரண வேலை செய்யலாம், நடக்கலாம்னு மருத்துவர்களே சொல்றாங்க. அதே மருத்துவர்கள்தான் கனமான பாரம் தூக்காதே, மணிக்கணக்கா நிக்காதேன்னும் சொல்றாங்க. முதல் பாதி முதலாளி காதுல விழுது, இரண்டாவது பாதி விழ மாட்டேங்குது.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு இருந்தது. கர்ப்பிணியிடம் கடினமான வேலையோ, நீண்ட நேரம் நிற்க வேண்டிய வேலையோ வாங்கக் கூடாது. இலகு வேலைக்கு மாற்றினால் கூலியைக் குறைக்கவும் கூடாது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே எடுத்துக்கொண்டது. கேட்க நல்லா இருக்கு இல்ல? இப்போ ஓட்டைகளைப் பாருங்க.

முதல் ஓட்டை: இந்தப் பாதுகாப்பு எப்போ தொடங்குது? பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் உள்ள ஒரு மாதத்தில். அதாவது ஏறக்குறைய 30-ஆவது வாரம். அதுக்கு முன்னாடி ஏழு மாசம் பாரம் தூக்கினா சட்டத்துக்குக் கவலை இல்லை. நம்ம வீடுகள்ல ஏழாம் மாசம் வளைகாப்பு. சட்டத்துக்கு அப்பத்தான் கண்ணே திறக்குது!

இரண்டாவது ஓட்டை: அந்தப் பெண்ணே வாய்விட்டுக் கேட்கணும். கேட்டா வேலை போயிடும்னு பயப்படுற தினக்கூலிப் பெண் யார்கிட்ட போய்க் கேட்பா?

மூன்றாவது ஓட்டைதான் பெரிய ஓட்டை: பத்துப் பேருக்குக் குறைவா வேலை செய்யும் கடைக்கும் நிறுவனத்துக்கும் பொதுவாக இந்தச் சட்டம் எட்டாது. ஆறேழு பேர் சேர்ந்து வீடு கட்டுற இடத்துல எந்தப் பதிவேடு? எந்த ஆய்வாளர்?

2017-இல் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கிட்டோம்னு ஒன்றிய அரசு மார்தட்டிச்சு. வரவேற்கிறோம். அலுவலகத்துல வேலை பார்க்கிற சகோதரிக்கு அது கிடைக்கணும், கிடைக்கட்டும். ஆனா அந்த அலுவலகத்தையே கட்டின சித்தாளுக்கு எத்தனை வாரம்? தமிழ்நாட்டில் நிரந்தர அரசு ஊழியருக்கு 12 மாத விடுப்பு. அதே அரசு அலுவலக வாசலைப் பெருக்குற ஒப்பந்தப் பெண்ணுக்கு? “வீட்டுல இரும்மா, புள்ளை பொறந்த பிறகு பார்க்கலாம்.” அவ்வளவுதான்!

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு தீர்ப்பை நினைவுபடுத்துறோம். டெல்லி மாநகராட்சியில் தினக்கூலியாகச் சாலை வேலை செய்த பெண்கள் மகப்பேறு உரிமை கேட்டார்கள். “நீங்க நிரந்தரம் இல்லை”ன்னு சொல்லி மாநகராட்சி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் எதிர்த்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 8, மகளிர் தினத்தன்று தீர்ப்பு வந்தது: தினக்கூலிப் பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு. கால் நூற்றாண்டு ஓடிப்போச்சு. நம்ம ஊர் ஒப்பந்ததாரர்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரலை!

“முதலாளிக்குச் செலவு அதிகமானா பெண்களையே வேலைக்கு எடுக்க மாட்டாங்களே?” இது ஒண்ணுதான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பதில் 1928-லயே வந்தாச்சு. பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா விவாதத்துக்கு வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு தருவது நாட்டு நலன். ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்கணும் என்பது அவர் வாதம். முழுச் செலவையும் ஒரே முதலாளி தலையில கட்டினா அவர் தப்பிக்கத்தான் வழி பார்ப்பார். பொது நிதியிலிருந்து கொடுத்தா கர்ப்பிணியை விரட்ட அவருக்குக் காரணமே இருக்காது.

நிதி எங்கே? கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவாரியத்துக்குன்னே வசூலாகுது. அது தொழிலாளி பேர்ல வாங்கின பணம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் தர்றாங்களேன்னு கேட்கலாம். இந்தியாவுக்கே முன்னோடியான திட்டம், மறுக்கலை. அதில் கையில வர்றது 14,000 ரூபாய். ஒரு நாள் கூலி 600 ரூபாய்னு வெச்சாக்கூட 24 நாள் கூலிக்கு வராது. அதுவும் தவணை தவணையா. இந்தப் பணத்தை நம்பி எந்தச் சித்தாள் நாலு மாசம் வீட்டுல இருக்க முடியும்? ஒன்றிய அரசோட திட்டம் இன்னும் மோசம். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 6,000 ரூபாய்னு சொல்லுது. பிரதமர் பேர்ல வந்த திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய்தான் தருது. இரண்டாவது குழந்தைக்குப் பணம் வேணும்னா அது பெண்ணாப் பிறக்கணும்!

சமுதாய வளைகாப்பு நடத்துறாங்க. அஞ்சு வகைச் சாதம், பூமாலை, கண்ணாடி வளையல், பக்கத்துல நின்னு போட்டோ. நடத்தட்டும், நல்லதுதான். ஆனா வளையல் போட்ட அந்தக் கை மறுநாள் காலையில கலவைச் சட்டியைத் தூக்குதே, அதையும் ஒரு போட்டோ எடுங்க!

நமது கோரிக்கைகள்:

1. கர்ப்பம் பதிவான நாளிலிருந்தே இலகு வேலை கொடு. கேட்டால்தான் தருவோம் என்பதை நீக்கு.

2. இலகு வேலைக்குக் கூலியைக் குறைக்காதே. ஒப்பந்ததாரர் ஏமாற்றினால் வேலை கொடுத்த நிறுவனமே பொறுப்பு.

3. அமைப்புசாராத் தொழிலாளிக்கு ஆறாம் மாதம் முதல் மாதந்தோறும் குறைந்தபட்சக் கூலிக்கு இணையான தொகையை நலவாரியமும் அரசும் சேர்ந்து கொடு.

4. பத்துப் பேர் வரம்பை எடு.

5. ஒவ்வொரு பணித்தளத்திலும் கழிப்பறை, குடிநீர், உட்கார இடம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும்னு 2021-இல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. நாற்காலி எங்கேன்னு கடை கடையாகப் போய் ஆய்வு செய்.

தோழர்களே, கோட்டையில முடிவாகும் வரைக்கும் நாமளும் சும்மா இருக்க வேண்டாம். உங்க தெருவுல கட்டட வேலை செய்யும் பெண்களை நலவாரியத்தில் பதிய வையுங்க. கர்ப்பிணின்னா செவிலியர்கிட்ட பதிவு செய்து அட்டை வாங்கிக் கொடுங்க. இலகு வேலை கேட்டு மனு எழுத உதவுங்க. தனியா நின்னு அவங்க கேட்டாத்தான் வேலை போகும். பத்துப் பேரா நாம பக்கத்துல நின்னா மேஸ்திரி யோசிப்பார். வீடு கட்டுறது நீங்களா இருந்தா, “கர்ப்பிணி தலையில பாரம் ஏத்தாதீங்க, கூலியையும் குறைக்காதீங்க”ன்னு இன்னைக்கே மேஸ்திரிகிட்ட சொல்லுங்க.

இனிமே அந்தப் பெண் சமாளிக்க வேண்டாம். அரசும் முதலாளியும் பதில் சொல்லட்டும்!

பகிருங்கள். பணித்தளங்களுக்குக் கொண்டு போங்கள்.

#இலகு_வேலை_எங்கள்_உரிமை
#கர்ப்பிணி_தலையில்_பாரம்_ஏற்றாதே