சாக்லேட் கம்பெனியில் டேப் ஒட்டிய கதை



நோட்டீஸ் போர்டில் என் பெயருக்கு நேராக "சாக்லேட் கம்பெனி, ஆறு வாரம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் விடுதியே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. "மச்சான், வரும்போது ஒரு பெட்டி அமுக்கிட்டு வந்துடு" என்றான் அறைத் தோழன். பெண்ணாடத்தில் என் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். சிமெண்ட் கம்பெனிக்கும் பவுண்டரிக்கும் போனவர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். இன்று சொல்கிறேன், அந்தப் பொறாமை வீண்!

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இனிப்பு ஒன்றும் புதிதல்ல. இறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் பின்னாலேயே ஓடி ஒரு கரும்பை உருவாதவன் நம்மில் யார்? நம் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை வந்துவிட்டது. 1914-ல் தொடங்கிய பாரீஸ் மிட்டாய்க் கம்பெனியின் தொழிற்சாலையும் அதே நெல்லிக்குப்பத்தில்தான். காபி பைட், லாக்டோ கிங் எல்லாம் அவர்கள் சரக்கு. 2004-ல் கொரியாவின் லோட்டே கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. நான் போனது அங்கே அல்ல, வேறொரு கம்பெனிக்கு. அதன் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைத் தெரிந்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? நடந்ததைக் கேளுங்கள்.

ஆறு வாரத்தில் வேலை நாள் 36. முதல் நாள் தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி கொடுத்துப் பாதுகாப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசி நாள் சர்டிபிகேட். நடுவில் மூன்று நாள் குடோன். ஒரே ஒரு ராத்திரி மெயின்டனன்ஸ். மீதி 30 நாளும் பேக்கிங்! கன்வேயரில் வரும் சாக்லேட்டை எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்கு, மூடு, டேப் ஒட்டு, தள்ளு. முதல் வாரம் ஆர்வமாகத்தான் இருந்தது. மெட்டல் டிடெக்டர் எப்படிச் சத்தம் போடுகிறது, எடை குறைந்த பாக்கெட்டை மெஷின் எப்படித் தட்டி விடுகிறது என்றெல்லாம் வேடிக்கை பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல் அதில் பார்க்க என்ன இருக்கிறது? சூப்பர்வைசர் சாரிடம் போய், "சார், மோல்டிங் மெஷின் பக்கம் கொஞ்சம் போகட்டுமா?" என்று கேட்டேன். "முதல்ல இன்னிக்கு டார்கெட்டை முடிப்பா" என்றார். 30 நாளும் இதே பதில்தான்.

அட்டைப்பெட்டி ஒட்டுவதை நான் கேவலமாகச் சொல்லவில்லை. என்னோடு அங்கே நின்றவர்கள் கான்ட்ராக்டில் வரும் அக்காக்கள். எட்டு மணி நேரம் நின்றபடியே அவர்கள் செய்யும் வேகத்தில் பாதி வேகம் கூட எனக்கு வரவில்லை. டேப்பைக் கையில் சுருட்டாமல் கிழிக்கக் கற்றுக் கொடுத்ததே அவர்கள்தான். ஆனால் இரண்டாவது வாரம் ஒரு அக்கா சாதாரணமாக ஒன்று கேட்டார்: "ஏன் தம்பி, நீங்க பன்னண்டு பேரும் எப்ப ஊருக்குப் போறீங்க?"

"ஏன்க்கா?"

"இல்ல, நீங்க வந்ததுலேருந்து எங்க வேன்ல ஆளக் கொறச்சுட்டாங்க. எங்க நாத்தனாருக்கு வேலையில்ல. அதான் கேட்டேன்."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மழை எப்போ நிற்கும் என்று கேட்பது போலத்தான் கேட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் கம்பெனி கொடுத்தது மதியச் சாப்பாடும் பஸ் காசும். அதே இடத்தில் நின்றிருக்க வேண்டிய ஒரு பெண்ணின் நாள் கூலி அதனால் போனது. நான் மெஷினையும் கற்றுக்கொள்ளவில்லை, அவர் வயிற்றிலும் அடித்தேன். இதற்குப் பெயர் டிரெயினிங்கா நண்பர்களே?

இப்போது அந்த ஒரு ராத்திரிக்கு வருகிறேன். இரண்டாவது ஷிப்டில் இருந்தேன். ஏழு மணி சுமாருக்கு லைன் நின்றது. சாக்லேட் டேங்கிலிருந்து மோல்டிங் மெஷினுக்கு வருவது குழாய்க்குள் குழாய். உள்ளே சாக்லேட், வெளிச் சுற்றில் சுடுநீர். சுடுநீர் பம்பின் பேரிங் பிடித்துக்கொண்டு ரிலே ட்ரிப் ஆகி, யாரும் கவனிக்காத நேரத்தில் குழாய் முழுக்கச் சாக்லேட் இறுகிவிட்டது. பிட்டர் அண்ணன் தனி ஆளாக நின்றுகொண்டிருந்தார். "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே? ஸ்பேனர் பையத் தூக்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான், டேப்பைப் போட்டுவிட்டு ஓடினேன்!

விடியும் வரை அவர் வாய் ஓயவில்லை. "அவசரப்பட்டு கியர் பம்ப்ப ஓட்டிடாத, ஷாப்ட் முறிஞ்சிடும். சூட்டையும் ஒரேயடியா ஏத்தாத, பால் தீஞ்சிடும். ஜாக்கெட்ல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள கசிஞ்சாலும் சாக்லேட் களி மாதிரி ஆயிடும், மொதல்ல ஜாயின்ட்டப் பாரு." சாக்லேட்டுக்குத் தண்ணீர் இவ்வளவு பகை என்று அன்றுதான் தெரிந்தது. காலையில் பால் சாக்லேட்டை ஏன் 45 டிகிரிக்கு உருக்கி, 27 வரை இறக்கி, மறுபடி 30-க்குப் பக்கம் ஏற்றுகிறார்கள் என்று விளக்கினார். கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகுமாம். அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பும் தரும், உடைத்தால் 'டக்'கென்று சத்தமும் தரும். அது உருகுவது சுமார் 34 டிகிரியில். நம் உடம்புச் சூடு 37. வாயில் போட்டதும் கரைவதன் ரகசியம் அதுதான். (சித்திரை வெயிலில் பெண்ணாடத்துப் பெட்டிக்கடையில் வாங்கும் சாக்லேட்டை ஏன் கரண்டியால் சாப்பிட வேண்டியிருக்கிறது என்பதும் விளங்கியிருக்குமே!) தெர்மல் பாடத்தில் மூன்று யூனிட் எழுதிப் பாஸ் செய்தவன் நான். ஹீட் டிரான்ஸ்பர் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தக் குழாயின் மேல் கை வைத்தபோதுதான்.

ஒரு ராத்திரியில் இவ்வளவு என்றால், 30 நாளும் அப்படி இருந்திருந்தால்?

இது நமக்கு மட்டும் நடப்பதா? 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பால்மைரா என்ற ஊரில், ஹெர்ஷி சாக்லேட் பேக்கிங் ஆலையிலிருந்து பல நாட்டு மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கலாசாரப் பரிமாற்றம், கோடை விடுமுறை வேலை என்று சொல்லி, ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வைத்து அழைத்து வரப்பட்டவர்கள். வந்து பார்த்தால் ராத்திரி ஷிப்டில் கனத்த பெட்டி தூக்குவதுதான் கலாசாரம்! சம்பளத்தில் வீட்டு வாடகையும் பிடித்துக்கொண்டார்கள். ஆலையை நடத்துவது நாங்கள் இல்லை, ஒப்பந்தக் கம்பெனி என்றது ஹெர்ஷி. ஆனால் பையன்கள் விடவில்லை. அந்த வட்டாரத்துத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள், ஏனென்றால் அந்த வேலை அவர்களுக்குப் போயிருக்க வேண்டியது. என் பேக்கிங் அக்கா கேட்ட கேள்விதான் அங்கேயும்! 2012-ல் மாணவர்களை அழைத்து வந்த அமைப்பின் அனுமதி பறிபோனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குச் சம்பளப் பாக்கி கிடைத்தது. அந்தத் திட்டத்தில் வரும் மாணவர்களை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதியே மாறியது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ன் அப்ரண்டிஸ் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டு டிப்ளமோக்காரர்களுக்கும் வந்தது. படிப்பு முடித்து ஒரு வருடம் அப்ரண்டிசாகச் சேர்ந்தால் ஒப்பந்தம் உண்டு, சென்னை தரமணியில் அதற்கென்று தென்மண்டல வாரியம் உண்டு. 2019-ல் திருத்திய விதி நமக்குக் குறைந்தது மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது. அடிபட்டால் இழப்பீட்டுக்கும் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. ஆனால் அதே சட்டம் அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்கிறது. சரி, அப்படியானால் பயிற்சி கொடுக்க வேண்டாமா? படிக்கும்போதே ஆறு வாரம் போய் வருகிற நம் கதை இன்னும் மோசம். ஒப்பந்தக் காகிதம் எதுவும் கிடையாது. நாம் தொழிலாளியும் இல்லை, அப்ரண்டிசும் இல்லை. பெட்டி விழுந்து கால் நசுங்கினால் யாரைக் கேட்பது?

இதையெல்லாம் நம் ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். "உண்மைதான்பா. ஆனா கம்பெனிக்காரங்க கோவிச்சுக்கிட்டா அடுத்த வருஷம் ஒருத்தனையும் எடுக்க மாட்டாங்களே" என்றார். அவர் பயத்தை நான் கேலி செய்யவில்லை. பையன்களுக்கு இடம் கேட்டு எத்தனை கேட்டில் அவர் நின்றிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அனுப்பும் கடிதத்திலேயே "இத்தனை நாள் பேக்கிங், இத்தனை நாள் மெயின்டனன்ஸ், இத்தனை நாள் யுடிலிட்டி, சொல்லித்தருபவர் இன்னார்" என்று நான்கு வரி எழுதினால் எந்தக் கம்பெனி கோவித்துக்கொள்ளும்? பேக்கிங் ஒரு வாரம் இருக்கட்டும், அதுவும் தேவைதான். நடுவில் ஒரு தடவை நம் ஆசிரியர் யாராவது வந்து எட்டிப் பார்க்கட்டும். அந்த நான்கு வரியைக் கேட்டு வாங்குவது நம் பேரவையால் முடியாத காரியமா? கேன்டீன் டீக்கு இரண்டு நாள் ஸ்ட்ரைக் செய்தவர்கள்தானே நாம்!

கடைசியாக ரெக்கார்டு நோட்டு விஷயம். போன வாரம் இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன் வந்து, "அண்ணே, உங்க டிரெயினிங் நோட்டக் கொடுங்க, காப்பி பண்ணிட்டுத் தரேன்" என்றான். அந்த நோட்டை நானே ஒரு சீனியரிடமிருந்து காப்பி அடித்தேன். அந்த சீனியர் போனது பேப்பர் மில்லுக்கு. அவர் எழுதிய பாய்லர் படம் என் சாக்லேட் கம்பெனி நோட்டில் அப்படியே இருக்கிறது, அதற்கு எனக்கு முழு மார்க்கும் கிடைத்தது! 14-ம் பக்கம் மட்டும் என் சொந்த எழுத்து. குழாய்க்குள் குழாய் போட்டு, சுடுநீர் எந்தப் பக்கம் வருகிறது என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன். ஓரத்தில் கொஞ்சம் சாக்லேட் கறையும் உண்டு. அந்தப் பக்கத்தை மட்டும் அவனிடம் பிரித்துக் காட்டினேன். அரை மணி நேரம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான்.