மிச்சம் இருப்பவன் கோலி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரன் மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாகக் கையுறை இரண்டையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் விட்டெறிந்தான். ஆறு கோல் வாங்கியிருக்கிறான். "தாத்தா, இனிமே நான் கோலி நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பன்னிரண்டு வயது. சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் வயதில் நானும் பெரம்பூரில் கோலியாக நின்றவன்தான். விரும்பி நிற்கவில்லை. ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பேன், உதைத்தால் பந்து பக்கவாட்டில் போகும். ஆள் பிரித்து முடித்ததும் மிச்சம் இருப்பேன். "நீ போய் கோலி நில்லுடா" என்பார்கள். இரண்டு செங்கல்தான் போஸ்ட். ஆறு வருஷம் நின்றேன். அந்த ஆறு வருஷத்தில் எப்படி நிற்பது என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு பைனலில், கடைசி நிமிஷம், மெதுவாக உருண்டு வந்த பந்து என் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து போனது. அதற்குப் பிறகு தெருவில் என் பெயர் 'ஓட்டை'. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுகூட ஒரு வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதில் விளையாட்டையே விட்டுவிட்டேன். அந்தப் பந்து இன்னும் சில ராத்திரிகளில் உருண்டு வருகிறது. சிரிக்காதீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன். நம் ஊரில் கோல்கீப்பரை யாரும் உருவாக்குவதில்லை. மிச்சம் இருப்பவனை நிறுத்துகிறோம், கோல் விழுந்தால் திட்டுகிறோம்.

மறுநாள் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகள். வரிசையாக வந்து கோலை நோக்கி உதைக்கிறார்கள். மூன்று கீப்பர் பையன்கள் மாறி மாறி அடி வாங்குகிறார்கள். உதைக்கிறவனுக்குத்தான் பயிற்சி, கீப்பர் வெறும் சுவர். தரையோ கட்டாந்தரை. அதில் "டைவ் அடி, டைவ் அடி" என்று சத்தம் வேறு. பேரனின் முழங்கை எப்படி உரிந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பயிற்சியாளரிடம் கீப்பர்களுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கக் கூடாதா என்று கேட்டேன். "சார், உங்க பேரனுக்கு ஹைட் பத்தாது" என்றார்.

உயரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். பெரிய ஆட்டங்களில் ஆறடிக்குக் குறைந்தவன் அதைக் காப்பது கஷ்டம்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் எவன் எவ்வளவு வளருவான் என்று யாருக்குத் தெரியும்? நம் தலைமுறைக்குப் பீட்டர் தங்கராஜ் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மெல்போர்ன், ரோம் என இரண்டு ஒலிம்பிக்குக்குப் போனவர், 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டித் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். நல்ல உயரம். ஆனால் அவர் ஆரம்பத்தில் சென்டர் பார்வர்டு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்டக்காரராக இருந்தபோதுதான் கீப்பராக மாறினார். அதனால் சின்ன வயதில் ஒரு பையனைக் கோலுக்குள்ளேயே கட்டிப்போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாரும் மாறி மாறி நிற்கட்டும், கீப்பரும் வெளியே வந்து ஓடட்டும். 1992-லிருந்து தன் ஆள் காலால் தள்ளிக் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்க முடியாது. கால் பழகாதவன் இன்று கீப்பரே இல்லை.

அடுத்த நாள் காலை மொட்டை மாடியிலிருந்து கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, பேரனையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். "என்னங்க, ஈரத் துணியை எங்க போடறது?" என்று பின்னால் சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி நடந்தேன்.

கயிற்றின் இரண்டு நுனிகளையும் இரண்டு போஸ்டிலும் கட்டி, நடுப்பகுதியை இழுத்து வந்து பந்துக்கு அடியில் வைத்தேன். முக்கோணம் மாதிரி ஆனது. பேரனைக் கோல் கோட்டிலேயே நிற்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் கயிறு எட்டாத தூரத்தில் இருந்தது. "இப்போ பந்தைப் பார்த்து நாலு அடி முன்னாடி வா." வந்தான். கையை நீட்டினால் கயிறு கிட்டத்தில் இருந்தது. பந்தை ஓரமாக நகர்த்தினேன், அவனும் நகர்ந்தான். அரை மணி நேரத்தில் ஒருமுறைகூட டைவ் அடிக்கவில்லை. "தாத்தா, கோல் சின்னதாயிடுச்சு" என்றான். ஆனால் ரொம்ப முன்னால் வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான், அதையும் ஒரு தடவை போட்டுக் காட்டினேன். என் காலுக்கு அது போதும்.

சரியான இடத்தில் நின்றவனுக்குப் பாதிப் பந்து நேராக நெஞ்சுக்கே வரும் என்பது என் கட்சி. பாய்ந்து விழுவது இடம் தவறியபோது செய்கிற கடைசி வைத்தியம். போட்டோவில் வருவது என்னவோ அதுதான். நகரும்போது காலைக் குறுக்கே வைக்காமல் சின்னச் சின்ன அடியாகப் பக்கவாட்டில் நகர வேண்டும், எதிராளி உதைக்கும் நொடியில் இரண்டு காலும் தரையில் அசையாமல் இருக்க வேண்டும். உயரப் பந்துக்குக் கட்டைவிரல்கள் இரண்டும் பந்தின் பின்னால் ஒட்டி வர வேண்டும். தரைப் பந்துக்குச் சுண்டுவிரல்கள் சேர வேண்டும், ஒரு முழங்காலை மடக்கிப் பின்னால் அடைக்க வேண்டும். அந்த ஒரு முழங்காலை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் 'ஓட்டை' ஆகியிருக்க மாட்டேன். விழப் பழகுவதற்குக் கடற்கரை மணல் இருக்கிறது. முதலில் முட்டி போட்டபடி பக்கவாட்டில் சரிய வேண்டும், முழங்கையை ஊன்றாமல். பிறகுதான் நின்றபடி.

பெனால்டி பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு கஜத்திலிருந்து பலமாக உதைத்த பந்து அரை விநாடிக்குள் வந்து சேர்ந்துவிடும். 2007-ல் இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் 286 பெனால்டிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடுவிலேயே நின்றால்தான் தடுக்க வாய்ப்பு அதிகம், ஆனால் கீப்பர்கள் நூற்றுக்கு ஆறு தடவைதான் நடுவில் நின்றிருக்கிறார்கள். சும்மா நின்று கோல் வாங்கினால் பார்க்கிறவன் என்ன சொல்வான் என்ற பயம்! தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே அந்தப் பயம் என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வெளியே நின்று திட்டுகிற நம்மை என்ன சொல்வது? பார்வர்டு பத்து வாய்ப்பைக் கோட்டை விட்டாலும் பதினொன்றாவதில் கோல் போட்டால் தோளில் தூக்குகிறோம். கீப்பர் பத்தைப் பிடித்து ஒன்றை விட்டால், அந்த ஒன்று அவன் கல்யாணம் வரைக்கும் வருகிறது.

பயிற்சியாளரிடம் மறுபடி போனேன். இந்த முறை சண்டைக்குப் போகவில்லை. மூன்று கீப்பர் பையன்களையும் செவ்வாய், வியாழன் காலையில் அரை மணி நேரம் என்னிடம் விடுங்கள், கயிறு என்னுடையது என்றேன். யோசித்துவிட்டு, "டைவ் மட்டும் மண்ணுல வேணாம் சார், அடிபட்டா என்னைக் கேப்பாங்க" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நேற்று ஒரு மேட்ச். பேரன் அணி இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. நான் வேண்டுமென்றே உள்ளே போகாமல் ரோட்டோரம் நின்றேன். இரண்டாவது கோல் விழுந்ததும் அவன் தலையில் கை வைக்கவில்லை. பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்துவிட்டு, "டேய், லெஃப்ட்ல ஆளைப் புடிங்கடா!" என்று கத்தினான். வாயே திறக்காத பிள்ளை. ரோடு வரைக்கும் கேட்டது.

வீட்டில் கொடிக்கயிறு புதிதாக வாங்கிக் கட்டியாகிவிட்டது. பழையது இனி எங்களுக்கு.