தொட்டு வாங்குவதா, படம் பார்த்து வாங்குவதா?

கைத்தறித் துணியை இணையத்தின் வாயிலாக வாங்குவது நலமா, ஊரிலுள்ள சங்க விற்பனை நிலையத்திற்கு நேரில் சென்று வாங்குவது நலமா என்னும் கேள்வி இந்நாளில் நம் சங்கங்களின் பொதுப் பேரவைக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. இணையம் நம் கடைகளை விழுங்கிவிடும் என்று அஞ்சுவோர் ஒரு சாரார். கடைகளை மூடிவிட்டு அனைத்தையும் இணையத்திலேயே விற்றுவிடலாம் என்று துடிப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் வாங்குபவரின் மனத்தை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தாம் கொடுக்கும் பணத்திற்கு ஏற்ற சரக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்க வேண்டும். அவர் கேட்பது இவ்வளவே. அந்தப் பொறுப்பை ஏற்பவர் யார் என்பதே என் கட்டுரையின் பொருள்.

இணைய விற்பனையின் பக்கமுள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். சென்னிமலைப் போர்வையோ, பவானி ஜமக்காளமோ, மதுரைச் சுங்குடியோ வேண்டுமென்றால் முன்னாளில் அவ்வூருக்குச் செல்பவரிடம் சொல்லியனுப்ப வேண்டும். அல்லது பெருநகரத்துக் கடையொன்றைத் தேடிப் போக வேண்டும். இன்றோ தில்லியிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர், அன்றாட வேலைகள் முடிந்தபின் கைப்பேசியைத் திறந்து, நூறு புடவைகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். நடமாட இயலாத முதியோரும், கைக்குழந்தையை விட்டகலாத தாய்மாரும் இதனால் பயன் பெறுகின்றனர். 1935-இல் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமே தன் விற்பனை நிலையங்களோடு இணையத்தின் வாயிலாகவும் விற்று வருகின்றது.

வாங்குவோருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணைய அங்காடி நடத்துவோர் குறைகேட்கும் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். முறையீடு வந்த 48 மணி நேரத்திற்குள் அதைப் பெற்றுக்கொண்டதாக அறிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். விற்பவரே வாங்கியவர்போல் தம் சரக்கைப் புகழ்ந்தெழுதுவதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. ஆகவே இணையத்தைப் பகையென்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

எனினும், படம் காட்டாதவை பல உள. நூலைப் போலச் சேலை என்பது பழமொழி. அந்த நூலின் தரந்தான் படத்தில் தெரிவதில்லை. 60-ஆம் நம்பர் நூலில் நெய்த புடவைக்கும் 80-ஆம் நம்பர் நூலில் நெய்த புடவைக்கும் கைப்பேசித் திரையில் என்ன வேறுபாடு காண முடியும்? விரல்களுக்கிடையே பிடித்துப் பார்ப்பவர் நொடியில் அறிவார். மிகுதியாகக் கஞ்சியேற்றிய துணி படத்தில் கெட்டியான நெசவாகத் தோன்றும். முதல் சலவையில் அதன் உண்மை வெளிப்படும். அரக்கு நிறம் திரையில் குங்குமச் சிவப்பாகத் தோன்றுவதும், மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகத் தோன்றுவதும் வாங்கி ஏமாந்தவர் பலரும் கூறும் குறைகளே.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்வோம். அதில் உடலும் கரையும் வெவ்வேறு ஊடைகளால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; நெசவாளருக்குத் துணையாக மற்றொருவர் தறியருகே இருக்க வேண்டும். அந்த இணைப்பைப் புடவையைப் புரட்டி, உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தே நன்கு அறியலாம். விற்பனை நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனைக்கு, முன்புறத்தை மட்டும் காட்டும் படத்தில் இடமில்லை.

நம் அங்கத்தினருள் விவசாயிகளும் உளர். அவர்கட்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. ஆயினும் விரலி மஞ்சளை ஒடித்து, உள்நிறத்தையும் உலர்ந்த பதத்தையும் கண்டறியாமல், பெயரை மட்டும் கேட்டு விலை குறிக்கும் வியாபாரி உண்டா? மாதிரியைக் கையில் வாங்கிப் பார்ப்பது அவர் பழக்கம். மஞ்சளுக்கு உள்ள இந்த நியாயம் துணிக்கும் உண்டு.

இவற்றினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. விசைத்தறித் துணி கைத்தறி என்னும் பெயரில் விற்கப்படுவதே அது. விசைத்தறியாளரை நான் குறை கூறவில்லை. அவர்தம் துணி தன் பெயரோடு நேர்மையாக விற்கப்படுமாயின் அதை வாங்குவோர் வாங்கட்டும். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், புடவை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் உள்ளிட்ட 11 இனங்களைக் குறிப்பிட்ட வரையறைகளுக்குட்பட்டுக் கைத்தறிக்கே ஒதுக்கியுள்ளது. அச்சட்டம் இருந்தும், காஞ்சிபுரம் என்னும் பெயரும் கைத்தறி என்னும் பெயரும் தாராளமாக வழங்கப்படுகின்றன. சில விளம்பரங்களில் பெயரில் சில்க் என்ற சொல் இருக்கும். நூலில் பட்டு இராது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு படங்கள் அடுத்தடுத்து நிற்கும்போது, ஒன்றின் விலை மற்றொன்றின் விலையில் நான்கில் ஒரு பங்காக இருந்தால், பார்ப்பவர் என்ன நினைப்பார்? போலியை ஐயுறுவதற்கு மாறாகச் சங்கத்தின் விலையையே ஐயுறுவார். சங்கம் கொள்ளையடிக்கிறது என்று கூறவும் துணிவார். பாவு ஓட்டியவர், சாயமிட்டவர், தறியில் அமர்ந்தவர் ஆகியோரின் கூலி அந்த விலையில் அடங்கியிருப்பதைப் படம் அவருக்குச் சொல்லாது.

இதனால் நலிவோர் ஒருவர் இருவரல்லர். 2019–20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவாளரும் நெசவு சார்ந்த தொழிலாளருமாக 35.22 இலட்சம் பேர் உள்ளனர். அவருள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். போலித் துணி விற்கும் ஒவ்வொரு நாளும் இவர்களுடைய தறிக்கு வர வேண்டிய வேலை குறைகின்றது.

அவ்வாறாயின் யாவரும் சங்கக் கடைக்கே வந்து வாங்குக என்று சொல்லி முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதாகச் சொல்வதற்கில்லை. ஆய்வின் பொருட்டுப் பல சங்கங்களுக்குச் சென்று வருபவன் என்ற முறையில், நம் விற்பனை நிலையங்களின் குறைகளையும் கூறுவது என் கடமை. மக்கள் வேலை முடிந்து கடைத்தெருவுக்கு வரும் வேளையில் பூட்டிக் கிடக்கும் நிலையங்கள் உண்டு. இந்தப் புடவை எந்த ஊர் நெசவு என்று கேட்டால், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கும் விற்பனையாளர் உண்டு. மூன்று ஆண்டுக்கு முன் வந்த நிறங்களே மடிப்புக் கலையாமல் அடுக்கில் இருக்க, தள்ளுபடிக் காலம் வரும்வரை அதைப் பற்றிக் கவலைப்படாத நிர்வாகக் குழுக்களும் உண்டு. தொட்டுப் பார்க்கும் வசதி ஒன்றே கடையின் பெருமையென்றால், எடுத்துக் காட்டுவதற்கே சலித்துக்கொள்ளும் கடைக்கு அந்தப் பெருமை ஏது?

இவ்விடத்தில் நம் இயக்கத்தின் பிறப்பை நினைவுகூர்வது நலம். 1844-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இங்கிலாந்து நாட்டின் ராச்டேல் நகரில், நெசவாளர் பலர் உள்ளிட்ட ஒரு சிறு கூட்டத்தார் ஒரு சந்தில் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களே அக்கடையில் இருந்தன. அடுத்த தெருக் கடைகளில் பொருள்கள் குறைவாக இருந்தமையால் மக்கள் இவர்களிடம் வரவில்லை. கலப்படமும் குறை எடையும் மலிந்திருந்த அக்காலத்தில், இங்கே தூய சரக்கும் சரியான எடையும் கிடைத்தமையால் வந்தனர். நம் நாட்டில் 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலையும் அவ்வழியிலேயே வளர்ந்தது. கூட்டுறவு விற்ற முதற் சரக்கு நாணயமே. கடையில் விற்றாலும் இணையத்தில் விற்றாலும் நாம் விற்க வேண்டியதும் அதுவே.

இதற்குச் செய்ய வேண்டுவன என்ன? முதலாவதாக, ஒவ்வொரு துணியிலும் நெய்த சங்கத்தின் பெயர், நூலின் இனம், நம்பர், நீளம், அகலம், சரிகையின் தன்மை, சலவை முறை ஆகியன தெளிவாக எழுதப்பட்ட சீட்டு இருத்தல் வேண்டும். 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையும், பட்டாயின் பட்டு முத்திரையும் தவறாது இடம் பெற வேண்டும். அதே விவரங்கள் ஒன்றும் குறையாமல் இணையப் பக்கத்திலும் வர வேண்டும்.

இரண்டாவதாக, படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். முன்புறம், பின்புறம், கரை, முந்தானை என நான்கையும் காட்ட வேண்டும். மறைக்க ஒன்றுமில்லாத துணிக்குப் பின்புறத்தைக் காட்டுவதில் அச்சமென்ன?

மூன்றாவதாக, விலை இரண்டிடத்திலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அனுப்பும் செலவு மட்டும் தனியே காட்டப்படலாம். விலை வேறுபட்டால், கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குவோர் பெருகுவர். பாடுபட்ட விற்பனையாளருக்கு மிஞ்சுவது மடிக்கும் வேலை மட்டுமே.

நான்காவதாக, இணையத்தில் வாங்கிய துணி மனத்துக்குப் பிடிக்காவிட்டால், அருகிலுள்ள விற்பனை நிலையத்திலேயே கொடுத்து மாற்றிக்கொள்ள வழி செய்ய வேண்டும். தனியார் இணைய அங்காடிகள் பலவற்றுக்கு இல்லாத இந்த வசதி, ஊர்தோறும் கடை வைத்திருக்கும் நமக்கு உண்டு. அதைப் பயன்படுத்தாமலிருப்பது கைமுதலைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவதாக, பிறர் நடத்தும் இணைய அங்காடியில் சேருமுன் நிர்வாகக் குழுவினர் கணக்குப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாகச் சில எண்களைக் கொள்வோம். 2,000 ரூபாய் விலையுள்ள 10 புடவைகளை அனுப்புகிறோம். 2 திரும்பி வருகின்றன. விற்ற 8 புடவைகளின் விலை 16,000 ரூபாய். அங்காடிக்காரரின் கழிவு 15 விழுக்காடு எனில் 2,400 ரூபாய். புடவை ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் அனுப்பிய செலவு 1,000 ரூபாய். திரும்பிய செலவு 200 ரூபாய். ஆக 3,600 ரூபாய் போக, சங்கத்தின் கைக்கு வருவது 12,400 ரூபாய். அதாவது புடவை ஒன்றுக்கு 1,550 ரூபாய். இதனுள் நூல் விலையும் நெசவுக் கூலியும் அடங்குமா என்று பார்க்க வேண்டும். அதே போழ்தில், கடையின் வாடகை, சம்பளம், மின்கட்டணம், தேங்கிய சரக்கில் முடங்கிய பணத்தின் வட்டி ஆகியவற்றையும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். எது இலாபம் என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். கணக்குப் பார்க்காமல் எடுக்கும் முடிவு எந்தச் சங்கத்துக்கும் ஆகாது.

ஆறாவதாக, விற்பனையாளர்களை ஆண்டுக்கு ஒரு வாரமேனும் தறியடிக்கு அனுப்ப வேண்டும். பாவு பிணைப்பதையும் கோர்வை கோப்பதையும் நேரில் கண்டவர் விற்கும் முறையே வேறாக இருக்கும். அவர் காட்டும் துணியைப் பற்றி நான்கு சொற்கள் சொல்லுவார். விலை ஏன் இவ்வளவு என்றால் விடை கூறுவார். இணையத்தில் எந்த நிறம் தேடப்படுகிறது, எது திரும்பி வருகிறது என்னும் செய்தியையும் அவரே நெசவாளருக்கு எடுத்துச் செல்லலாம். அடுத்த மாத உற்பத்தித் திட்டத்திற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது.

இறுதியாக, அங்கத்தினர்களாகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டுத் திருமணத்திற்குப் புடவை எடுக்கும்போது நாம் எங்கே போகிறோம்? விவசாயி அங்கத்தினர் தம் வீட்டு வேட்டியையும், நெசவாளர் அங்கத்தினர் தம் வீட்டு மஞ்சளையும் எவரிடம் வாங்குகிறோம்? சங்கக் கடையில் நமக்குப் பிடித்த துணி இல்லையென்றால், வேறு கடைக்குப் போவதற்கு முன், ஏன் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். காரியதரிசி விடை தராவிட்டால் பொதுப் பேரவையில் எழுந்து கேளுங்கள். தனியார் கடையில் வாடிக்கையாளருக்கு இல்லாத இவ்வுரிமை, பங்குத்தொகை கட்டிய உங்களுக்கு உண்டு. அந்த உரிமையை இவ்வாண்டுப் பொதுப் பேரவையிலேயே பயன்படுத்துங்கள். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன் கேட்கப்படும் கேள்விக்கே பயன் மிகுதி.