ஏரிமேல் எழுதிய பெயர்கள்

சென்னை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம்வரை, நூறு ஆண்டுகளுக்கு முன்பு தண்ணீர் நின்றது. வெள்ளைக்காரர்களின் வரைபடத்தில் அதற்கு ‘லாங் டேங்க்’ என்று பெயர். 1920களில் நகரத்துக்கு வீடு கட்ட இடம் போதவில்லை. ஏரியை வடித்தார்கள், மனை பிரித்தார்கள், தெரு போட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் தியாகராய நகர்.

புதுத் தெருக்களுக்குப் பெயர் வைக்க வேண்டிய நேரத்தில் மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. முதலமைச்சர் பனகல் அரசர். மாநகராட்சியிலும் கட்சிக்குச் செல்வாக்கு இருந்தது. ஆகவே ஏரிப்படுகை முழுதும் கட்சிக்காரர்கள் குடியேறினார்கள். நடுவில் பனகல் பூங்கா. அதை ஒட்டி ஓடுவது உஸ்மான் சாலை. அந்த முகம்மது உஸ்மான் 1934இல் சில மாதங்கள் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவே இருந்தார். நகருக்கே பெயர் தந்த பி. தியாகராயர், 1920இல் ஆட்சி கைக்கு வந்தபோது முதலமைச்சர் நாற்காலியை வேண்டாம் என்றவர். இன்று ‘டி.நகர்’ என்று அவரை ஒரே எழுத்தாகச் சுருக்கிவிட்டோம்.

எனக்குச் சுவையாகப் படுவது தியாகராயரும் டாக்டர் டி.எம். நாயரும் ஒரே பேட்டையில் சாலைகளாக இருப்பது. மாநகராட்சி மன்றத்தில் இருவரும் எதிரெதிராக நின்றவர்கள். நாயர் பதவியை உதறிவிட்டு வெளியேறும் அளவுக்குப் பகை முற்றியிருந்தது. இந்த இருவரையும் பேசிப் பேசி ஒன்று சேர்த்தவர் சி. நடேசனார். திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்களுக்கு விடுதி நடத்திய மருத்துவர் அவர். 1916இல் கட்சி உருவானதற்கு அந்தச் சமரசம் முக்கியக் காரணம். 1919இல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காக வாதாட லண்டன் போன நாயர் அங்கேயே இறந்துபோனார்; தன் கட்சியின் ஆட்சியை அவர் பார்க்கவே இல்லை. நடேசனாருக்கு இங்கே ஒரு பூங்கா கிடைத்தது. மூவருக்குமாகப் பேட்டையை வகுத்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்தான்.

பாண்டி பஜாரின் கதை கொஞ்சம் பிந்தியது. அது பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் பெயரில் அமைந்த கடைத்தெரு என்பார்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர் அவர். பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டத்தைக் கைவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். தம் பெயரின் வாலை அவரே வெட்டிக்கொண்டார்.

அவர் தம் பெயருக்குச் செய்ததைத் தெருப்பலகைகளுக்குச் செய்ய அரசுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. 1970களின் கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைத் தொடங்கியது; 2025இல் மறுபடியும் ஓர் அரசாணை வந்தது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாதியின் பெயரால் ஒரு தெருவை அழைப்பது அங்கே குடியிருப்பவர்களுக்கு இழிவு. அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனிதரின் பெயர் வேறு வகை. டாக்டர் நாயர் சாலையில் கத்தரியை வைத்தால் ‘டாக்டர் சாலை’தான் மிஞ்சும். எந்த டாக்டர்? மாதவன் என்ற அவருடைய இயற்பெயரை எழுதலாமே. அதற்குப் பழைய பதிவேட்டைப் புரட்டும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை பெயர்களில் தண்ணீருக்கு என்ன கிடைத்தது? மேற்கு மாம்பலத்தில் ஒரு லேக் வியூ ரோடு. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் லேக் ஏரியாவும். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. தேர் இருக்கிறது, குறள் இருக்கிறது. ஏரி இருந்த சேதி வருகிறவர்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டுபோக மாம்பலம் கால்வாய் ஒன்று உண்டு. 2021 நவம்பரில் அதனால் முடியவில்லை, தி.நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கியது. புதிதாக வந்தவர்கள் திகைத்தார்கள். தண்ணீர் தன் பழைய முகவரிக்கு வந்திருந்தது.

தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டு ஏரியின் பெயரை வைக்கச் சொல்லவில்லை. இருக்கிற பலகையிலேயே கீழே ஒரு வரிக்கு இடம் உண்டு. பனகல் பூங்கா வாசலில் அரசரின் ஆட்சி ஆண்டுகளோடு, இங்கே ஏரி இருந்தது, எந்த ஆண்டு வடித்தோம் என்று மாநகராட்சி எழுதட்டும். மனை வாங்குகிறவருக்கும் அது உதவும்.